பலகையில் நூறு சதவீதம், கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை: உயர்நிலைப் பள்ளி தேடுவோர் கேள்வி–பதில்

பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியதும் வீட்டில் ஆரம்பித்துவிடும் பேச்சு இது. இந்த இதழில் முழுப் பகுதியையும் உயர்நிலைப் பள்ளி பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் பார்த்துவைத்திருக்கும் பள்ளியின் வாசலில் ‘தொடர்ந்து ஆறு ஆண்டுகளாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறார் கணவர். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என் சந்தேகம் சரியா?

சரிதான். பலகையில் இருப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது எதில் நூறு என்பதுதான் கேள்வி.

ஆறாம் வகுப்பில் 120 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது முடியும்போது 14 பேரின் பெற்றோரைக் கூப்பிட்டு, ‘இங்கே பிள்ளைக்குக் கஷ்டம், வேறு இடம் பாருங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஒன்பதாவதில் இன்னும் 10 பேர் கழிகிறார்கள். பொதுத் தேர்வு எழுதியவர்கள் 96, தேறியவர்களும் 96. பலகையில் 100 என்று எழுதலாம். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 80. மிச்சம் 24 பேர் எங்கே போனார்கள் என்பதைப் பலகை சொல்லாது.

ஆகவே கடைசியாகப் பொதுத் தேர்வு எழுதிய மூன்று ஆண்டு மாணவர்களுக்கும் மூன்று எண்களைக் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? பொதுத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? எழுதியவர்களில் நடுவில் வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது எண்ணைப் பலரும் கேட்பதில்லை. மற்ற பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணச் சலுகை கொடுத்து இழுத்துக்கொள்ளும் பள்ளிகளின் குட்டு அதில்தான் உடையும்.

அடுத்து, வகுப்பில் 40 பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் இருபதாவதாக நிற்கும் பிள்ளைக்குக் கணக்கில் எவ்வளவு என்று கேளுங்கள். முதல் மதிப்பெண்ணைத் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இருபதாவது பிள்ளையைப் பற்றிக் கேட்டதும் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்றாவது சொன்னால் நல்லது. ‘அதெல்லாம் எதற்கு’ என்றால் அந்தப் பள்ளியின் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. உங்கள் பிள்ளை முதல் மூன்று இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுத்தால் எப்படிப் போனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டி எடுக்கும் பள்ளியின் மதிப்பெண்ணைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். உள்ளே போனதே தேறிய நெல் என்றால் அரிசி நன்றாக இருப்பதில் ஆலைக்குப் பெருமை குறைவு. இங்கிலாந்தில் 2016இல் கொண்டுவந்த ‘ப்ராக்ரஸ் 8’ என்ற அளவு இதைத்தான் சரிசெய்யப் பார்த்தது. 11 வயதில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளை நாடு முழுவதும் ஒப்பிட்டு, 16 வயதில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் சராசரிக்கு மேலா கீழா என்று காட்டும். பூஜ்யம் என்றால் சராசரி. வீட்டில் வைத்த டியூஷனின் பலனும் அதில் கலந்துவிடும் என்பது ஒரு குறை. இப்படி ஒரு அளவு உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் கேள்வியை நீங்களே கேட்கலாம்: ‘ஐம்பது மதிப்பெண்ணோடு உள்ளே வந்த பிள்ளைகள் நான்கு ஆண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள்?’

கேள்வி: பள்ளியைப் பார்க்க எல்லாப் பெற்றோரையும் ஒரு நாள் அழைத்திருக்கிறார்கள். அன்று எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது?

அன்றும் போங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண வேலை நாள் ஒன்றில், இடைவேளை மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் உள்ளே இருக்கிற மாதிரி நேரம் கேட்டு வாங்குங்கள். பாடம் நடப்பது, மணி அடிப்பது, பிள்ளைகள் வெளியே பாய்வது, திரும்ப உள்ளே போவது எல்லாவற்றையும் நாற்பது நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டித் தனியாகச் சுற்றவிட மாட்டோம் என்றால் நியாயம்தான். யாராவது கூட வரட்டும். வேலை நாளில் யாரையும் உள்ளே விடுவதே இல்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழிப்பறை. விருந்தினருக்கானதை விட்டுவிடுங்கள், பிள்ளைகள் போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் பக்கம் அம்மா போய்ப் பார்க்கட்டும். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா? பிறகு ஒரு சின்னக் கணக்கு: 300 பெண் பிள்ளைகளுக்கு 6 அறை, 10 நிமிட இடைவேளை என்றால் ஆளுக்கு 12 விநாடி. இப்படிப்பட்ட பள்ளியில் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிக்கொள்வார்கள். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று வீட்டுக்கு வந்து படுப்பதற்குக் காரணம் இங்கே இருக்கும். பாட நேரத்தில் கேட்டால் அனுப்புவார்களா என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்து நோட்டுகள். கணக்கில் மூன்று, மொழிப் பாடத்தில் மூன்று காட்டச் சொல்லுங்கள். காட்டுவதற்கென்றே எடுத்துவைத்ததை விட்டுவிட்டு, மேசையில் அடுக்கியிருப்பதன் நடுவிலிருந்து எடுங்கள். கடைசியாகத் திருத்திய தேதி என்ன? தப்பைச் சுழித்ததோடு நின்றுவிட்டாரா, எந்த வரியில் தடம் மாறியது என்று காட்டியிருக்கிறாரா? காட்டியதைப் பிள்ளை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறதா? கட்டுரை நோட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தில் தொடங்கியிருந்தால் அது கரும்பலகையிலிருந்து இறங்கியது. அங்கே படிக்கும் பிள்ளைக்குக் கையெழுத்து திருந்தும், சொந்தமாக நாலு வரி எழுத வராது. விளம்பரத்தாள் எத்தனை வாசித்தாலும் தெரியாததை ஆறு நோட்டுகள் சொல்லிவிடும்.

ஆய்வகத்தில் குழாயைத் திறந்து பாருங்கள். காற்று மட்டும் வந்தால் அங்கே செய்முறை என்பது படம் வரைவதுதான். நூலகத்தில், போன மாதம் எத்தனை புத்தகங்கள் வெளியே போய்த் திரும்பின என்று நூலகரைக் கேளுங்கள். அலமாரியின் அழகு முக்கியமில்லை.

தலைமையாசிரியரிடம் நிறைய கேட்க வேண்டாம், மூன்று போதும்.

ஒன்று: ‘ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்க ஆரம்பித்தால் அது முதலில் யாருக்கு, எத்தனை நாளில் தெரியும்? அப்புறம் என்ன நடக்கும்?’ நல்ல பதிலில் ஒரு ஆள் இருப்பார், ஒரு கால அளவு இருக்கும், டைம்டேபிளில் ஒரு இடம் இருக்கும். ‘பாட ஆசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சின்னத் தேர்வு வைப்பார், பத்துக்கு நாலுக்குக் கீழே போனவர்களுக்கு வியாழன் கடைசி வகுப்பு’ என்கிற மாதிரி. ‘பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வோம்’ என்பது மட்டும் பதிலானால், வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

இரண்டு: சென்ற ஆண்டு இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்? 40 பேரில் நான்கைந்து பேர் மாறுவது எங்கும் நடப்பது. பதினைந்து பேர் போயிருந்தால் ஏதோ சரியில்லை. ஒரே ஆண்டில் ஒரு வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இரண்டு முறை மாறினால் அந்த ஓட்டை அடுத்த ஆண்டும் தெரியும்.

மூன்று: ‘பிள்ளைகளுக்குள் கேலி, மிரட்டல் என்று கடைசியாக ஒரு புகார் வந்தபோது, பெயர் வேண்டாம், என்ன செய்தீர்கள்?’ இதற்கு வரக்கூடிய மிக மோசமான பதில், ‘எங்கள் பள்ளியில் அப்படியெல்லாம் நடக்காது’ என்பது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நடக்கத்தான் செய்யும்; நடப்பது அவர் காதுக்கு வருவதில்லை என்றுதான் பொருள்.

கடைசியாக, இன்னொரு நாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலுக்கு எதிரே இருபது நிமிடம் நில்லுங்கள். பெரிய பிள்ளைகள் சின்னவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், தனியாக நடந்துபோகிறவர்கள் எத்தனை பேர், வாசலில் ஆசிரியர் யாராவது நிற்கிறாரா என்பதெல்லாம் யாரும் ஏற்பாடு செய்யாமலே கண்ணில் படும்.

கேள்வி: பிடித்த பள்ளி வீட்டிலிருந்து பள்ளி வேனில் 70 நிமிடம். பையனுக்கு வயது 11. வேனில் தூங்கிக்கொள்வான் என்கிறார்கள். சரிவருமா?

11 வயதுக்குக் கணக்குப் போட்டால் சரிவருவது போலத் தெரியும். 14 வயதுக்குப் போட்டுப் பாருங்கள்.

பள்ளி 8.30க்கு என்றால் வேன் 7.10க்கு. எழுவது 6 மணி. 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் தந்த அளவு. இப்போது அவன் 9 மணிக்குப் படுத்தால் குறைந்தபட்சமாவது கிடைக்கும். மாலை 5 மணிக்கு வீடு திரும்பினால் நான்கு மணி நேரம் கையில் இருக்கிறது. பரவாயில்லை.

14 வயதில் வீட்டுப்பாடம் இரண்டு மணி நேரத்தைத் தொடும். விளையாட்டுப் பயிற்சி இருந்தால் வீடு வர ஆறரை. அதோடு பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்தரைக்கு முன்னால் படுக்கச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான், அது அவன் அடமில்லை. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று 2014இல் பரிந்துரைத்தது. பத்தரைக்குத் தூங்கி ஆறுக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம். குலுங்கும் வேனில் கழுத்து தொங்கத் தூங்குவது அந்தக் குறையை நிரப்பாது.

எனக்குத் தெரிந்த வரை வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை 45 நிமிடம்தான் எல்லை. அதைத் தாண்டினால் முதலில் கழிவது விளையாட்டு, அடுத்து நண்பர்கள், பிறகுதான் தூக்கம். படிப்பு கடைசியில் அடிபடும் என்பதால் பெற்றோர் கண்ணுக்குத் தாமதமாகத் தெரியும்.

ஒரு விஷயம் விசாரியுங்கள். 70 நிமிடம் என்பது நேர் தூரமா, சுற்று வழியா? காலையில் முதல் ஆளாக ஏற்றி மாலையில் கடைசி ஆளாக இறக்கிவிடுவதும் உண்டு. காலையில் முதலில் ஏறியவனையே மாலையில் முதலில் இறக்கினால் நேரம் மிச்சமாகும், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். பணம் கட்டும் முன் இரண்டு வேலை நாட்கள் பையனோடு அதே நேரத்தில் போய் வாருங்கள். ஒன்று மழை நாளாக அமைந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மகள் இப்போது வகுப்பில் முதல் மாணவி. நுழைவுத் தேர்வு எழுதி, கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே போய்க் கடைசியில் நின்றுவிடுவாளோ?

இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களிலிருந்து ஆராய்ந்து வந்தது இதைத்தான். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருப்பவர் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறார். குளம் பெரிதானால் மீன் தன்னைச் சின்னதாக நினைக்கிறது. 2003இல் அவரும் கிட்-டாய் ஹாவும் 26 நாடுகளின் தரவுகளில் பார்த்தபோதும் இதுவே வந்தது.

அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு இடைவெளியில் தேறினாள் என்று பாருங்கள். இரண்டு ஆண்டு பயிற்சி வகுப்புக்குப் போய் மயிரிழையில் தேறியிருந்தால் அங்கே மூச்சுவாங்கும். அதிகம் தயாராகாமலே நன்றாக எழுதியிருந்தால் கவலை வேண்டாம். பள்ளி ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறதா, மதிப்பெண்படி செக்‌ஷன் பிரிக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை முறை மாற்றிப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். பிரித்து, ஆண்டு முழுவதும் மாற்றாமலே வைத்திருக்கும் இடத்தில் மேலே சொன்ன பாதிப்பு கெட்டிப்படும்.

சேர்த்தால், முதல் பருவத்தில் ரேங்க் இறங்கும் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாத ஒன்று, நீச்சலோ வயலினோ, இப்போது இருப்பதை ‘படிப்பு அதிகமாகும்’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி. எது மேல்?

படிப்பைப் பொறுத்த வரை இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களை உள்ளடக்கிய ஆய்வுகளை எரின் பால்கியும் சக ஆய்வாளர்களும் தொகுத்து 2014இல் வெளியிட்டார்கள். குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் கொண்ட தரமான ஆய்வுகளில் வித்தியாசம் இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. பிள்ளைக்கு எங்கே கூச்சமில்லாமல் இருக்க முடிகிறது என்று பார்த்தால் போதும்.

கேள்வி: இதுவரை தாய்மொழியில் படித்த பிள்ளையை உயர்நிலையில் ஆங்கில வழிக்கு மாற்ற நினைக்கிறோம். எப்போது மாற்றுவது? எப்படித் தயார் செய்வது?

மாற்றுவதென்றால் உயர்நிலையின் முதல் வகுப்பிலேயே மாற்றுங்கள். பொதுத் தேர்வுக்கு இரண்டு ஆண்டு முன்னால் மாற்றுவதுதான் மிகவும் அடிபடும் இடம்.

காரணத்தை விளக்கியவர் கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி இரண்டு ஆண்டுகளுக்குள் பிடிபட்டுவிடும். பாடப்புத்தகத்தின் மொழியில் அதைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று அவர் கண்டார். ஆறு மாதத்தில் பிள்ளை சரளமாகப் பேசுவதைப் பார்த்து, ‘மொழிப் பிரச்சினை தீர்ந்தது, அறிவியலில் மட்டும் ஏனோ வரவில்லை’ என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பு. வராதது அறிவியலாக இருக்காது. ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’, ‘காரணம் கூறுக’ என்று கேள்வி என்ன கேட்கிறது என்பதே புரிந்திருக்காது.

விடுமுறையில் அடுத்த வகுப்புப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். முடித்த வகுப்பின் கணக்கு, அறிவியல் புத்தகங்களைப் புதிய மொழியில் வாங்குங்கள். பாடம் ஏற்கெனவே தெரிந்தது என்பதால் கவனம் முழுக்க மொழிக்குப் போகும். நாளுக்கு இரண்டு பக்கம், பத்துச் சொற்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். இரண்டு மாதத்தில் ஐந்நூறு அறுநூறு சொற்கள் சேரும். கணக்கில் எண்களைவிட வாக்கியக் கணக்குகளுக்கு அதிக நேரம் கொடுங்கள்.

இன்னொரு தப்பு வீட்டில் நடக்கும். ‘இனி ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும்’ என்று அம்மா அப்பா தாங்களே தடுமாறும் மொழியில் பேச ஆரம்பிப்பார்கள். ஒளிச்சேர்க்கையைத் தமிழில் நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியது சொற்களை மட்டும்தான். வீட்டு மொழியைத் தொடாதீர்கள்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது: மொழி மாறி வருகிறவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் துணை வகுப்பு, எத்தனை பருவம் வரை? ‘முதல் மாதம் மட்டும்’ என்றால் நீங்கள்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் விண்ணப்பத்தில் பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதச் சொல்கிறார்கள். ‘கிடைக்காத பள்ளியை முதலில் எழுதினால் இரண்டாவதும் போய்விடும்’ என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

எந்த முறையில் இடம் ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து உண்மையாகவும் இருக்கலாம், கட்டுக்கதையாகவும் இருக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பும் முன் இதைத் தெரிந்துகொள்வது பாதி வேலை.

முதல் முறையில், முதல் சுற்றில் எல்லாருடைய முதல் விருப்பத்தையும் பார்த்து இடத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் இருந்தால்தான் இரண்டாம் விருப்பக்காரர்களுக்கு. இங்கே அந்தப் பயம் உண்மை. முதலில் எழுதியது தவறினால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். பாஸ்டன் நகரம் இந்த முறையை வைத்திருந்து, 2005இல் கைவிட்டது. விவரம் தெரிந்த பெற்றோர் சாமர்த்தியமாக எழுதித் தப்பினார்கள், தெரியாதவர்கள் மனசில் இருந்ததை எழுதி மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டாம் முறை, கணிதவியலாளர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இதில் ஒதுக்கும் இடம் கடைசிச் சுற்று வரை தற்காலிகம்தான். ஒரு பள்ளியில் 100 இடம் என்று வைத்துக்கொள்வோம். தூரம், மதிப்பெண், உடன்பிறப்பு என்று அந்தப் பள்ளியின் விதிப்படி உங்கள் பிள்ளை 60ஆவது வரிசை. அதை நீங்கள் இரண்டாவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சுற்றில் 100 பேர் உட்கார்ந்துவிட்டாலும், உங்கள் முதல் விருப்பம் தவறியதும் உங்கள் பிள்ளை அங்கே போய் நிற்கும். வரிசையில் கடைசியில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டியதுதான். ஆகவே ஆசைப்பட்ட பள்ளியை முதலில் எழுதுவதால் எதுவும் கெடாது. நியூயார்க் 2003இலும் பாஸ்டன் 2005இலும் இதற்கு மாறின. இந்தத் துறைக்காக ஷேப்லிக்கும், பள்ளிகளுக்கு இதைப் பொருத்திய ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

எந்த முறை என்று கண்டுபிடிக்க, சேர்க்கை அலுவலகத்தில் இப்படிக் கேளுங்கள்: ‘நான் இரண்டாவதாக எழுதிய பள்ளியில், அதை முதலாவதாக எழுதியவரைவிட என் பிள்ளைக்கு முன்னுரிமை அதிகம் இருந்தால் இடம் யாருக்கு?’ ‘உங்கள் பிள்ளைக்கு’ என்றால் இரண்டாம் முறை. மனசில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். ‘முதலாவதாக எழுதியவருக்கு’ என்றால் முதல் முறை. உறுதியாகக் கிடைக்கக்கூடியவற்றில் பிடித்ததை முதலில் போடுங்கள்.

இரண்டாம் முறையிலும் ஒரு பொறி உண்டு. எழுத அனுமதிக்கும் பள்ளிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எல்லாமே எட்டாக்கனியாக எழுதிவிட்டு வெறுங்கையோடு நிற்க நேரும். மூன்று வரிதான் என்றால் மூன்றாவது நிச்சயமானதாக இருக்கட்டும். நிச்சயம் என்று எப்படித் தெரியும்? அந்தப் பள்ளியில் கடந்த மூன்று ஆண்டுகளில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணையோ வீட்டுத் தூரத்தையோ வாங்குங்கள். மூன்றில் கடுமையான ஆண்டிலும் உங்கள் பிள்ளை உள்ளே வந்திருக்குமா என்று பாருங்கள். மூன்று வரியிலும் ஒரே பள்ளியை எழுதினால் மனம் இரங்குவார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணினிக்கு மனம் கிடையாது. அதை ஒரு விருப்பமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேர்க்கும் ஆண்டின் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போக்குவரத்து, சீருடை, புத்தகம், ஆய்வகம், தேர்வு, சுற்றுலா எல்லாம் சேர்த்து ஒரு ஆண்டுக்கான மொத்தத்தை எழுத்தில் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு ஏறியது என்று, ஏற்கெனவே அங்கே படிக்கும் இரண்டு வீடுகளில் ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் கடைசி வகுப்பு வரை ஏற்றிப் பாருங்கள். கடைசி வகுப்பின் தொகை கட்டுப்படியாகாது என்றால் இப்போதே வேறு பாருங்கள். பொதுத் தேர்வு ஆண்டில் பணத்துக்காகப் பள்ளி மாற்றுவது பிள்ளைக்குச் செய்கிற பெரிய கெடுதல்.

கேள்வி: மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதில் தடுமாற்றம். சேர்க்கும்போது சொன்னால் இடம் தர மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. மறைத்துவிடலாமா?

மறைக்காதீர்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், வாசித்துக் காட்டுபவர், எழுதித் தருபவர் போன்ற சலுகைகளுக்குத் தேர்வு வாரியங்கள் பெரும்பாலும் மதிப்பீட்டு அறிக்கையோடு, பள்ளியில் வழக்கமாகவே இப்படித்தான் எழுதுகிறான் என்பதற்கான பதிவையும் எதிர்பார்க்கும். கடைசி ஆண்டில் திடீரென்று அந்தப் பதிவு முளைக்காது. சொன்னதும் முகம் சுளிக்கிற பள்ளியில் மறைத்து நுழைந்தாலும் மூன்றாம் மாதம் அதே முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சிறப்பாசிரியர் முழு நேரமா, வாரத்தில் ஒரு நாள் வந்து போகிறவரா என்று கேளுங்கள். அவரிடம் எத்தனை பிள்ளைகள்? துணை வகுப்பை எந்தப் பாட வேளையில் வைக்கிறார்கள்? விளையாட்டு, ஓவிய வேளையைப் பிடுங்கி அதில் வைப்பது பல இடங்களில் நடக்கிறது. நாள் முழுக்கத் தடுமாறும் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் ஒரே வேளையும் போய்விடும். வகுப்பறையில் சத்தமாக வாசிக்கச் சொல்வதைத் தவிர்ப்பது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள் கொடுப்பது போன்ற காசு செலவில்லாத விஷயங்களுக்குச் சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள். அதிலிருந்தே மிச்சம் தெரியும்.

கேள்வி: நெருங்கிய சிநேகிதி போகும் பள்ளிக்குத்தான் போவேன் என்று மகள் பிடிவாதம். கேட்கலாமா?

இரண்டு பள்ளிகளும் மற்றபடி சமம் என்றால் கேளுங்கள். தெரிந்த முகம் ஒன்று முதல் மாதத்துக்குப் பெரிய துணை. அதற்காகவே ஒரு பள்ளியை எடுப்பதென்றால், எட்டு செக்‌ஷன் இருக்கும் இடத்தில் இருவரும் ஒரே செக்‌ஷனில் விழ எட்டில் ஒரு வாய்ப்புதான் என்பதை அவளுக்கு விளக்குங்கள்.

கேள்வி: சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. மகன் தினமும் காலையில் வயிற்று வலி என்கிறான். தவறான பள்ளியை எடுத்துவிட்டோமா? உடனே மாற்றிவிடலாமா?

புதுப் பள்ளிக்குப் போன பிள்ளை முதல் ஆறு முதல் எட்டு வாரம் சோர்ந்து, எரிந்து விழுந்து, மதிப்பெண் குறைந்து இருப்பது சாதாரணம். மூன்று மாதம் என்பது அதைத் தாண்டிய கணக்கு. வயிற்று வலிக்கு முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: வலி எந்தெந்த நாளில், அன்று என்னென்ன பாட வேளை. விடுமுறை நாளில் இல்லாமல், செவ்வாய், வியாழன் மட்டும் வந்தால் அந்த இரண்டு நாளுக்கும் பொதுவான பாடமோ ஆளோ யார் என்று டைம்டேபிளில் தேடுங்கள். எல்லா நாளும் வந்தால் வேனில், வரிசையில், இடைவேளையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘பள்ளி எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் வரும். ‘இன்று இடைவேளையில் எங்கே நின்றாய், பக்கத்தில் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தாளோடு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். என்ன செய்யப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்று பேசி முடித்துவிட்டு வாருங்கள். நான்கு வாரம் கொடுங்கள். அடி, மிரட்டல், உடலைத் தொடுவது என்று எதுவாக இருந்தாலும் இந்த நான்கு வாரக் கணக்கு பொருந்தாது. அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், தேவைப்பட்டால் மறுநாளே பிள்ளையை நிறுத்துங்கள்.

நான்கு வாரத்திலும் எதுவும் மாறவில்லை என்றால் மாற்றுவதில் வெட்கமில்லை. ஆண்டு முடிவில் மாற்றுவது எளிது. நடுவில் மாற்ற வேண்டியிருந்தால் பருவத் தேர்வு முடிந்த கையோடு மாற்றுங்கள். புதிய பள்ளியில் இரண்டாம் மொழி, விருப்பப் பாடம், பாடத்திட்டம் மூன்றும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே முடித்துவிட்ட பாடங்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பள்ளியில் இடம் உறுதி என்பது எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.